வாசிக்கத் தெரியாத தாளில் போடும் கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

"மெதன அத்சன் கரன்ன." மலையகத்தில் பொலிஸ் நிலையத்து வாங்கில் ஒரு தடவையாவது உட்கார வைக்கப்பட்ட பையன்கள் எல்லோருக்கும் இந்த மூன்று சொற்களும் தெரியும். இங்கே கையெழுத்துப் போடு என்று அர்த்தம். நீட்டப்படும் தாள் முழுக்கச் சிங்களம். எழுதியவர் அடுத்த வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறார். வாசலில் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போட்டுவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று பையன் போட்டுவிடுகிறான்.

பொலிஸ்காரர் எங்களை நியாயமாக நடத்துவதில்லை என்று தோட்டத்துப் பிள்ளைகள் சொன்னால், பெரியவர்களுக்கு அடியும் ஏச்சும்தான் ஞாபகம் வருகிறது. அவை நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தோட்டங்களில் சட்ட உதவி வேலை செய்யும் எங்களுக்குத் தெரிந்தவரை, ஒரு பிள்ளையை நீண்ட காலம் துரத்துவது அந்தத் தாள்தான். மூன்று வருடம் கழித்து அவன் வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டுவார்கள். அன்றைக்குத்தான், தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அவனுக்குத் தெரிய வரும். தீபாவளிக்கும் தேர்த்திருவிழாவுக்கும் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்பும் நாட்களில் இந்தத் தாள்கள் அதிகம் எழுதப்படுவதால், இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் கொஞ்சம் விரிவாக எழுத இடம் கேட்கிறோம்.

முதலில் வீதி. ஹட்டன் பஸ் நிலையத்திலோ தலவாக்கலை பஜாரிலோ இரவு ஒன்பது மணிக்கு நாலு பையன்கள் நிற்கிறார்கள். ஜீப் நிற்கிறது. "கொஹெத யன்னே? நம மொகத்த?" பெயரையும் போகிற இடத்தையும் கேட்பதற்குப் பொலிஸாருக்குத் தடையில்லை, கேட்டால் சொல்லிவிடுவதுதான் புத்தி. பிடித்துக்கொண்டு போவதென்றால் கதை வேறு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. அதில் பெரும்பாலும் பயன்படுவது நியாயமான சந்தேகம். தலைமுடியின் வெட்டு, காதுக்கடுக்கன், பேசும் பாஷை இவையெல்லாம் நியாயமான சந்தேகத்தில் சேராது. முத்துசாமி எதிர் கன்னங்கர என்ற 1951 ஆம் ஆண்டு வழக்கில், பிடியாணையில்லாக் கைதுகளையும் வீட்டுச் சோதனைகளையும் மேலதிகாரிகளும் நீதிமன்றங்களும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை நீதியரசர் கிரேஷியன் பதிவு செய்தார். எழுபது வருடத்துக்கு மேலாகியும் சட்டத்தரணிகள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சில இடங்களில் "அலைந்து திரிந்தாய்" என்று ஒரு காரணம் சொல்லப்படும். அதற்குப் பின்னால் இருப்பது 1841 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கட்டளைச் சட்டம். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867 இல். ஆக நம் தேயிலைக்கும் மூத்த சட்டம் அது. அதைக் காட்டினாலும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பது குற்றமாகிவிடாது. கையில் பஸ் டிக்கட்டோ வேலையிடத்து அட்டையோ இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் செய்யும் பிழைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் பிழை, ஓடுவது. ஒன்றுமே செய்யாதவன் ஓடினாலும், இல்லாத சந்தேகத்தை அவனே உண்டாக்கிக் கொடுக்கிறான். இரண்டாவது, பொய்ப் பெயர் சொல்வது. மூன்றாவது, கூட்டாளியின் பையை வாங்கிப் பிடித்துக்கொள்வது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பை யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அகப்படுவான். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான "யுக்திய" பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது இந்த மூன்றாவது பிழைக்குப் பல வீடுகள் பெரிய விலை கொடுத்தன. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாமாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதையும் இதோடு சேர்க்கலாம். தபாலகத்தில் தண்டப்பணம் கட்டி முடிக்கும் விஷயமில்லை அது; நீதிமன்றத்துக்குத்தான் போகும். இதில் பொலிஸாரைக் குறைசொல்லிப் பயனில்லை.

சிகரெட் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதுதான் குற்றம். பதினாறு வயதுப் பையனின் சட்டைப் பையில் இரண்டு சிகரெட் இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் கடையில் வாங்கினாய் என்பது. அந்தக் கேள்வி கேட்கப்படுவதை நாங்கள் அரிதாகத்தான் பார்க்கிறோம்.

போனைப் பறித்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். சான்றுப் பொருளாக எடுப்பதென்றால் அதைப் பதிவில் எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வெறும் "கறுப்பு நிறப் போன் ஒன்று" என்ற பதிவு போதாது. *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். அந்த எண்ணை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். பதிவில் அந்த எண் இருந்தால் போன் மாறாது, தொலையாது.

அடுத்தது நேரம். "கைது செய்யவில்லை, சும்மா விசாரிக்கத்தான் கூட்டிக்கொண்டு போனோம்" என்பது நிலையங்களில் மிகவும் புழங்கும் வசனம். இதற்கு உயர் நீதிமன்றம் 1989 இலேயே பதில் சொல்லிவிட்டது. நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவரை இறக்கி, வாக்குமூலத்துக்காக நிலையத்துக்கு வரச் சொன்னதாகப் பொலிஸ் தரப்பு கூறியது. விலங்கு மாட்டாவிட்டாலும், கை வைக்காவிட்டாலும், ஒருவர் தான் போக நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டால் அது கைதுதான் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே இருபத்து நாலு மணித்தியாலக் கணக்கு பிடித்த இடத்திலேயே தொடங்குகிறது. கம்பிக்கூட்டுக்குள் போட்ட நேரத்தைத் தொடக்கமாக எடுக்கக்கூடாது. பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் போகும் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் நீதவானின் உத்தரவு வேண்டும். போதைப்பொருள் வழக்காக இருந்தாலும் அப்படித்தான்.

இந்தக் கணக்கு தப்புவது எங்கே? பதிவில் எழுதப்படும் நேரத்தில். மாலை 6.40க்குப் பிடித்த பையன், பதிவில் இரவு 11 மணிக்குப் பிடிபட்டவனாக ஆவதுண்டு. அதை மறுக்க வீட்டாரிடம் எதுவும் இருப்பதில்லை. எனவே கூட இருந்த கூட்டாளி அந்த நிமிடமே வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: நேரம், இடம், எத்தனை பேர் வந்தார்கள், சீருடையா சிவிலா, வாகன இலக்கம், கான்ஸ்டபிளோ சார்ஜனோ என்றால் உடுப்பில் உள்ள எண். வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்பினால் அனுப்பிய நேரம் தானாகவே அதில் பதிந்துவிடும். அழைத்துச் சொன்னால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பேசி முடித்த பிறகும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஏன் பிடித்தீர்கள் என்று கேட்பது எதிர்ப்பேச்சு அல்ல. அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரைப்படி காரணம் சொல்லியாக வேண்டும். கேட்கும் விதம் முக்கியம். "என்ன குற்றம் செய்தேன்!" என்று கத்துவதும், "சேர், என்ன முறைப்பாடு என்று சொன்னால் அப்பாவிடம் சொல்லலாம்" என்பதும் ஒரே கேள்விதான். இரண்டாவதுக்குப் பதில் கிடைக்கும்.

வயது பற்றி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் பொலிஸ் முன்னால் "பதினெட்டு" என்கிறார்கள். பெரிய ஆள் என்று காட்டத்தான். அந்த ஒரு சொல்லோடு சிறுவருக்கு உள்ள பாதுகாப்பெல்லாம் கைநழுவிப் போகிறது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டே வந்துவிட்டது. நிலையத்தில் வைத்திருக்கும்போதும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போதும் பிள்ளைகளை, குற்றஞ்சாட்டப்பட்ட பெரியவர்களோடு சேர விடக்கூடாது, பெண்பிள்ளை ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெண்பிள்ளையின் உடம்பைச் சோதிப்பதென்றால் பெண் ஒருவர்தான் சோதிக்க வேண்டும். 2018 இல் தண்டனைச் சட்டக்கோவையில் செய்த திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், விளங்கிக்கொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

வயதைக் காட்ட அடையாள அட்டையே போதும். இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளையானால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வயது தெரிந்துவிடும். அட்டை 15 வயதில்தான் கிடைக்கும் என்பதால், அதற்குக் குறைந்த பிள்ளையிடம் "ஐடி இல்லையா?" என்று மிரட்டுவதில் அர்த்தமில்லை. பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்துப் போனில் வைத்திருக்கலாம். தோட்டங்களில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அட்டையில் சிங்கள எழுத்துக்கூட்டலில் இன்னொரு பெயர். தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் "பொய்ப் பெயர் சொன்னான்" என்று அது பதிவாகிவிடும். பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் முன்பே பெற்றோர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்தி வைப்பது நல்லது.

இனி அந்தத் தாள்.

நிலையத்தில் ஒரே ஒரு புத்தகம் இல்லை. சிறு குற்றங்களுக்கு ஒன்று, பாரதூரமான குற்றங்களுக்கு ஒன்று, முறைப்பாடுகளுக்கு ஒன்று, உத்தியோகத்தர்கள் போவது வருவது முதலான அன்றாட விஷயங்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாக உண்டு. தோட்டத்தில் "என்ட்ரி போட்டாச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பந்தி எண்ணில், எத்தனை மணிக்கு என்று கேட்பவர் இல்லை. இந்த நான்கும் இல்லாவிட்டால் பிறகு சட்டத்தரணி பிரதி கேட்கும்போது தேட முடியாது. முறைப்பாடு கொடுக்கப் போனவருக்கும் இது பொருந்தும். எண் எழுதிய துண்டு கையில் கிடைக்கும்வரை உங்கள் முறைப்பாடு பதியப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

வாக்குமூலம் எப்படி எடுக்க வேண்டும் என்பதைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. சொன்னது முழுதும் எழுதப்பட வேண்டும். எழுதியதைக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். விளக்கவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நம் நிலையங்கள் பலவற்றில் நடுவில் உள்ள இரண்டு படிகள் மட்டும் காணாமல் போகின்றன. காரணம் எல்லா இடத்திலும் கெட்ட எண்ணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. இரவுக் கடமையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தமிழ் பேசத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தால் அவர் ரோந்தில் இருப்பார். ஓட்டோ சாரதியையோ தேநீர்க் கடைக்காரரையோ கூப்பிட்டு மொழிபெயர்க்க வைப்பதும் உண்டு. அவர் பிழையாகச் சொன்னால் பழி அவர் மேல் விழாது. கையெழுத்து வைத்தவன்தான் மாட்டிக்கொள்வான்.

எங்கே பிழைக்கிறது என்று ஒரு உதாரணம். பையன் சொல்வது: "அவன் தள்ளினான், நானும் தள்ளினேன், அவன் விழுந்தான்." மூன்று செயல், ஒரு ஒழுங்கு. சிங்களத்தில் எழுதப்படுவது: "நான் தள்ளியதால் அவன் விழுந்தான்." முதல் தள்ளல் மறைந்துவிட்டது. தற்காப்பு என்று நீதிமன்றத்தில் சொல்லப் போனால், அன்றைக்கு வாக்குமூலத்தில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாக எடுக்க முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. பலர் இதைப் பாதி கேட்டுவிட்டு, எதில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று தைரியமாக இருக்கிறார்கள். நீங்கள் பிறகு சொல்வதைப் பொய்யாக்குவதற்கு அதே வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம் என்பது மறு பாதி.

ஆகவே பிள்ளைகள் இரண்டு வசனம் பழகிக்கொள்ளட்டும். "மட்ட சிங்கள கியவன்ன பேஹெ" என்றால் எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. "தெமளென் கியவலா தென்ன" என்றால் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். மரியாதையாக, தலையைக் குனியாமல் சொன்னால் போதும். வாசித்துக் காட்டினால் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்து. வாசித்துக் காட்டாமலே கையெழுத்துக் கேட்டால், கடைசி வரிக்கு அடியில் இடைவெளி விடாமல், உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள்: "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை." திகதி, நேரம், அதற்குக் கீழே கையெழுத்து. இடைவெளி விட்டால் நடுவில் இன்னும் இரண்டு வரி ஏறலாம். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம், பெருவிரல் அடையாளமும் வேண்டாம்.

நுவரெலியா, அம்பகமுவ உட்பட மலையகத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தமிழில் வாசித்துக் காட்டச் சொல்வது சலுகை கேட்பதாகாது. அந்தப் பிரகடனமும் அரசியலமைப்பும் கொடுத்ததைத்தான் கேட்கிறோம்.

பெற்றோர் வந்ததும் சட்டத்தரணியைக் கூப்பிடலாமா என்று தயங்குகிறார்கள். 2012 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த விதிகளின்படி, நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேச சட்டத்தரணிக்கு உரிமை உண்டு. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978 இல் அமைக்கப்பட்டது, வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்குப் பேசும். பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள். நிலையத்தில் உள்ள சிறுவர், மகளிர் பணியகத்து உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்ப்பதும் பலன் தரும். அநேகமாக நிதானமாகப் பேசக்கூடியவர் அவர்தான்.

அடி விழுந்திருந்தால் செய்ய வேண்டியதில் மிகவும் கவனம் தேவை. வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவிப் படுத்தால் சாட்சி அழிந்துவிடும். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டில் அனுமதி ஆகுங்கள். வைத்தியர் எப்படி நடந்தது என்று கேட்பார். பயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் சொல்வது, "படியில் விழுந்துவிட்டேன்." கட்டில் அட்டையில் அது எழுதப்பட்டுவிட்டால் பிறகு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனாலும் உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்த வரிதான் முன்னால் வந்து நிற்கும். யார் அடித்தது, எதனால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அப்படியே சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். காயத்தைப் படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு பத்து ரூபாக் குத்தியை வைத்து எடுங்கள், அளவு தெரியும். மறுநாளும் மூன்றாம் நாளும் எடுங்கள், ஏனென்றால் கன்றிய இடம் அன்றைக்குச் சிவப்பாகவும் பிறகு நீலமாகவும் தெரியும்.

சித்திரவதைக்கு எதிரான சட்டம் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கம். குற்றம் நிரூபணமானால் ஏழு வருடத்துக்குக் குறையாத, பத்து வருடத்துக்கு மேற்படாத சிறை. முட்டிபோட வைப்பது, தலைமயிரைக் கத்தரித்து விடுவது, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட வைப்பது இவை எந்தச் சட்டத்திலும் தண்டனையாக இல்லை. நீதிமன்றமே கசையடி கொடுப்பதைக்கூட 2005 இல் ஒழித்துவிட்ட நாடு இது. "சின்னப் பிள்ளைதானே, ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பினோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் பொலிஸில் மட்டுமில்லை, நம் தோட்டத் தலைவர்களிலும் இருக்கிறார்கள். "ரெண்டு தட்டு" என்பது நீதிமன்றத்தில் வேறு பெயர் பெறும்.

காலக்கெடு ஒரு மாதம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் இது உதவாது. விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். ஆணைக்குழுவின் கடிதங்கள், விசாரணைத் திகதிகள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. அவசர எண் 1996. தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் துண்டைத் தொலைக்காமல் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் போட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. பொலிஸ் உத்தியோகத்தரின் நடத்தை பற்றி மட்டும் என்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், அந்தப் பகுதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பலாம். முறைப்பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். திகதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தது, எந்த ஆஸ்பத்திரி. "எங்கள் சமூகம் இருநூறு வருடமாக" என்று தொடங்கும் முறைப்பாடுகளில் சம்பவம் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது.

மலையகத்துக்கே உரிய இன்னொரு பிரச்சினை சமாதானம். திருவிழாவில் சண்டை, கிரிக்கெட் மைதானத்தில் சண்டை. இரு தரப்புத் தலைவர்மாரும் நிலையத்துக்குப் போவார்கள், பேசி முடிப்பார்கள், பையன்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பெற்றோர் விரும்புவதும் அதைத்தான். தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைக்கான சம்பளக் கணக்கு; பொலிஸுக்கு ஒரு தரம் போய் வந்தால் அன்றைக்கு அரைப்பேர் அல்ல, முழுப் பேரும் போய்விடும். நாங்கள் சமாதானத்துக்கு எதிரி இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டது "இனிச் சண்டை பிடிக்க மாட்டோம்" என்பதற்கா, "நாங்கள்தான் அடித்தோம், மன்னிக்கவும்" என்பதற்கா? தலைவர் வாசித்தாரா? நிறையத் தலைவர்மாருக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. சின்னத் தகராறுகளுக்கென்றே 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே போனால் முடிவு எழுத்தில் கிடைக்கும்.

நீதிமன்றத்திலும் இதே அவசரம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியும், தவணைக்குத் தவணை வரத் தேவையில்லை என்று யாரோ வராந்தாவில் சொல்வார். உண்மைதான், அன்றைக்கு முடியும். ஆனால் அது குற்றத் தீர்ப்பு. பத்தொன்பதாவது வயதில் பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, முன்னர் குற்றவாளியாகக் காணப்பட்டுள்ளீரா என்ற கூட்டில் "ஆம்" போட வேண்டிவரும். ஒப்புக்கொள்வதற்கு முன் சட்ட உதவிச் சட்டத்தரணியிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பிணை கேட்கும் நாளுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை முதல் நாளே எடுத்து வையுங்கள். லயத்து முகவரியில் வீட்டு இலக்கம் இல்லாமல் தோட்டப் பெயரும் டிவிஷனும் மட்டும் இருப்பதால், அந்தத் துண்டு இல்லாவிட்டால் பிணையாளியை ஏற்பது தாமதமாகும். அந்தத் தாமதத்தில் வெள்ளிக்கிழமை போய்விட்டால் பிள்ளை திங்கள்வரை உள்ளே இருக்கும்.

பொலிஸ் திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு இரவுக் கடமையிலும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அது இன்றைக்கே முடியாது என்பது தெரியும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றாவது தெரிந்தால் பேசலாம். அதற்கும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம்: இந்த நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர், கடந்த வருடம் தமிழில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் எத்தனை. பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் நிலையத்துக்கு இதை எழுதிப் பார்க்கலாம். கோபத்தைக் கொட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

அதுவரைக்கும் ஒரு ரப்பர் முத்திரை போதும். மூன்று வரி, தமிழில்: "இந்த வாக்குமூலம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. வாசித்தவர் பெயர். நேரம்." ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் குத்தி, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கட்டும். வாசித்துக் காட்டாமல் அந்த முத்திரையைக் குத்த எந்த உத்தியோகத்தரும் இரண்டு தரம் யோசிப்பார், ஏனென்றால் அதில் இருப்பது அவருடைய பெயர். முத்திரை செய்யும் கடை எந்த பஜாரிலும் இருக்கும்; காலையில் கொடுத்தால் பின்னேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தோட்ட இளைஞர்களுக்கான சட்ட உதவிப் பணியில் உள்ள சிலர்,
ஹட்டன்.